குளிசைப் பேர் வாசிக்கிறது எப்பிடி

அட்டையில பெரிய எழுத்தில அடிச்சிருக்கிறது கம்பனிக்காரன் வச்ச பேர், கம்பனி மாறினா அதுவும் மாறும். அதுக்குக் கீழ சின்னதா ஒண்டு கிடக்கும் பாருங்க, அதான் மருந்துட சொந்தப் பேர், 1953ல இருந்து உலக சுகாதார நிறுவனம் பட்டியல் போட்டு வாற பேர்.

அந்தப் பேர்ட வாலைப் பிடிங்க. அட்டனோலோல், புரோப்பிரனோலோல் எண்டு 'ஓலோல்' வந்தா பீட்டா புளொக்கர், நெஞ்சுத் துடிப்பக் குறைக்கும். எனலாப்ரில்ல 'ப்ரில்', லோசார்ட்டன்ல 'சார்ட்டன்', ரெண்டும் பிரஷருக்குத்தான் ஆனா வேலை செய்யிற வழி வேற, ப்ரில் குடிக்கிற சில ஆக்களுக்கு வறட்டு இருமல் வரும், அது குளிசையால வாற இருமல் எண்டு தெரியாம பாணி வாங்கிக் குடிச்சிக்கிட்டே இரிக்கிற ஆக்கள களுவாஞ்சிக்குடியிலயும் காணலாம் கல்முனையிலயும் காணலாம். டொக்டர்ட்ட சொன்னா அனேகமா சார்ட்டனுக்கு மாத்தித் தருவார், நீங்களா நிப்பாட்டாதீங்க. கொலஸ்ட்ரோலுக்கு 'வாஸ்டட்டின்', அந்த 'வா'வ விட்டுடாதீங்க, ஏனெண்டா நிஸ்டட்டின் எண்டு ஒண்டு இரிக்கி, அது வாய்ப்புண் பங்கசுக்குக் குடுக்கிறது, கொலஸ்ட்ரோலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ஏ.எல் பிள்ளையள் இதிலதான் குழம்புவாங்க. கெமிஸ்ட்ரியில வால் சொல்றது மூலக்கூறில ஒட்டியிருக்கிற அணுக் கூட்டத்த, எதனோல்ல 'ஓல்' எண்டா ஓஎச் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூட்டம்) இரிக்கி. மருந்துப் பேர்ல வால் சொல்றது ஒரே மாதிரி வேலை செய்யிற மருந்துக் குடும்பத்த. சில பேர் மட்டும் நேரா கட்டமைப்பில இருந்தே வெட்டி ஒட்டினது, நம்மட பரசிட்டமோல் அப்பிடித்தான்: பரா அசிட்டைல் அமினோ பீனோல். ஆறு காபன் சேர்ந்த பென்சீன் வளையத்தில 1ம் இடத்தில ஓஎச், நேர் எதிர 4ம் இடத்தில அசிட்டைல் ஏறின அமினோ, அந்த எதிரெதிர் இருப்புத்தான் 'பரா'. முழுப் பேர எழுதி வச்சி அங்கங்க எழுத்தெடுத்தா பரசிட்டமோல் வந்திரும், இத ஒருக்கா கையால கீறிப் பாருங்க, மறக்காது.

அமெரிக்காக்காரன் அதே முழுப் பேர்ல வேற எழுத்தெடுத்து அசெட்டமினோபென் எண்டு வச்சிட்டான். கனடாவிலயும் அதே பேர்தான். அங்க இருந்து பார்சல்ல வாற டைலனோலும் வீட்டில கிடக்கிற பனடோலும் ஒரே சாமான். பெரியாக்களுக்கு ஒரு நாளைக்கு ஆகக்கூடினது 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 8, ரெண்டையும் வேற வேற மருந்தெண்டு நினைச்சிப் போட்டா ஈரலுக்குத்தான் அடி. தடிமன் குளிசையிலயும் இது கலந்திரிக்கும், அதால ஃபார்மசிக்குப் போகக்க கிளினிக் கொப்பியோட அந்தப் பார்சல் போத்தலையும் கொண்டு போய்க் காட்டுங்க.