கரையோரப் படகில் சுறா மாட்டினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை கொழும்புக் கடல் பெரும்பாலும் தணிந்திருக்கும். அந்த மாதங்களில் முகத்துவாரத்திலிருந்தும் கல்கிசையிலிருந்தும் சிறு கண்ணாடியிழைப் படகுகளில் பாரைக்கும் சீலாவுக்கும் தூண்டில் போடப் போகிறவர்கள், சுறாவை மனதில் வைத்துக்கொண்டு போவதில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சுறா வராது என்ற எண்ணமே முதல் தவறு. ஆற்றுநீர் கலக்கும் கலங்கலான ஆழமற்ற கடல், பல சுறா இனங்களின் குட்டிகள் வளரும் இடமாகும். அவற்றைத் தவிர, தூண்டிலில் துடிக்கும் மீனைப் பறிக்க வரும் பெரிய சுறாவும் உண்டு. எனவே நீண்ட கைப்பிடியுள்ள கம்பிவெட்டி, நீளமான குறடு, தடித்த கையுறை, கூரிய கத்தி ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி பலகைக்கு அடியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும்.

கைத்தூண்டில் போடுகிறவர்களிடம் ஆழமாக ஊறிப்போன பழக்கம் ஒன்று, பிடி வழுக்காதிருக்கத் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலை, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது. விளைமீனுக்கு இது பாதகமில்லை. ஆனால் இழுக்க இழுக்க அமைதியாக மேலே வரும் சுறா, படகின் நிழலைக் கண்டதும் சட்டெனத் தலையைத் திருப்பிக் கீழே பாயும். அந்த ஒரு கணத்தில் சுற்று இறுகித் தோலுக்குள் இறங்குகிறது, விரல் நீலம் பாய்கிறது, மறு கையால் அவிழ்க்க முயன்றாலும் இழுவை தளராத வரை முடிச்சு விடாது. ஆளே விளிம்புக்கு மேலாக இழுபடக்கூடும். தங்கூசி கையுறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். இழுத்தெடுத்த மிச்சம் காலடியில் சுருளாகக் கிடக்காமல் ஒரு வாளிக்குள் விழ வேண்டும். கை நோகிறதென்று அதைப் படகின் பக்கவாட்டில் கட்டிவிடுவதும் ஆபத்தானது, ஏனெனில் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும் விளிம்பு, பக்கவாட்டு இழுவையில் எளிதாகத் தாழ்ந்து தண்ணீரை உள்ளே வாங்கும். கட்டியே ஆக வேண்டுமானால் படகின் முன்முனையான அணியத்தில், ஒரு வெட்டில் அறுக்கக்கூடியவாறு கட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சுறாவைப் படகுக்குள் ஏற்றுவதுதான். இலங்கைக் கரையோரத்தில் நீராடுவோரைச் சுறா தாக்கியதாகப் பதிவுகள் மிக அரிது. நமக்கு உண்மையான அபாயம் நீரில் நீந்தும் சுறாவால் அன்று, நாமே தூக்கிப் பலகையில் போட்ட சுறாவால் வருகிறது. வாலைப் பிடித்துக்கொண்டால் வாய் எட்டாது என்று பலர் நம்புகிறார்கள். சுறாவின் உடலில் எலும்பே இல்லை. குருத்தெலும்பால் ஆன முதுகு வளையும் வளைவில், பல இனங்கள் தம் வாலையே எட்டிக் கடிக்க வல்லவை. அதன் தோலில் பல்லின் அமைப்பை ஒத்த நுண்செதில்கள் வாலை நோக்கிச் சரிந்து படிந்திருப்பதால், வாலிலிருந்து தலைப்பக்கமாக உரசும் கை அரத்தில் தேய்த்தது போல் உரிந்துபோகும். 18 அடிப் படகில் இரண்டு மூன்று பேரும் எரிபொருட் கலனும் தூண்டில் பெட்டிகளும் போக எஞ்சும் இடத்தில், ஒரு மீட்டர் நீளச் சுறா துள்ளும்போது ஒதுங்க இடமில்லை. கூட்டத்தில் ஒருவர் பின்வாங்கினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். அப்போது கவிழ்வது சுறாவின் பலத்தால் அன்று, நம் எடையால். அசைவற்றுக் கிடக்கிறதே, செத்துவிட்டது என்று எண்ணித் தூண்டில் முள்ளை எடுக்க வாய்க்குள் விரலை விடுவது இன்னும் மோசமானது. நெடுநேரம் அசையாத சுறாவின் தாடையும் தொட்டவுடன் இறுகிக்கொள்ளும்.

சுறாவுக்கும் இந்த ஏற்றம் கொடுமையானது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. உள்ளுறுப்புகளைத் தாங்க அதற்கு விலாவெலும்புகள் இல்லை; தண்ணீரே அவற்றைத் தாங்குகிறது. வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும்போது உள்ளுறுப்புகள் சரிந்து நைகின்றன, முதுகு மூட்டுகள் விலகுகின்றன. நீந்திப் போய்விட்டது என்று நாம் நிம்மதியடையும் சுறா பின்னர் ஆழத்தில் இறந்துபோகலாம். செவுள் பிளவுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்குவதும், ஈட்டிக்கொக்கியால் குத்துவதும் விடுவிக்கப்போகும் சுறாவுக்கு மரண தண்டனையே. சினைப்பட்ட சுறா பிடிபட்ட அதிர்ச்சியில் குறைமாதக் குட்டிகளை வெளியேற்றிவிடுவதும் உண்டு.

அதனால் முடிவை, சுறா இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, ஒருவர் மட்டும் விளிம்பருகே நிற்க, மற்றவர்கள் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து எடையைச் சமன்செய்யட்டும். முள் தாடையோரத்தில் தெரிந்தால் நீண்ட குறடால் திருப்பி எடுக்கலாம். தெரியாவிட்டால் தேடாமல், தங்கூசியை முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டிவிடுங்கள். நீளமாக விடப்பட்ட தங்கூசி செவுளிலும் துடுப்பிலும் சுற்றிக்கொள்ளும். துருப்பிடிக்காத உருக்கு முள்ளைத் தவிர்த்து, நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பயன்படுத்துவது நல்லது. அது தொண்டைக்குள் போகாமல் பெரும்பாலும் தாடை மூலையிலேயே மாட்டும். கடித்து அறுக்கிறதே என்று முள்ளுக்கு மேல் உருக்குக் கம்பி கட்டுவது, தானாக அறுத்துக்கொண்டு போயிருக்கக்கூடிய சுறாவையும் நமது தலைவலியாக்கும்.

சோரட்டும் என்று நெடுநேரம் இழுத்து விளையாட்டுக் காட்டுவதும் தவறே. சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறா இந்தப் போராட்டத்தில் மற்றவற்றைவிட விரைவாகக் களைத்து, விடுவித்த பின்னும் இறந்துவிடுகிறது. கொம்பன் சுறா இனங்களுள் கரையோரங்களில் குட்டியாக வளரும் ஒன்று, 2019 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக வைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாச் சுறாவையும் ஒன்றாகக் கருதுவதால் சட்டச் சிக்கலும் வரும். வாலின் மேல்மடல் உடலளவு நீண்டிருக்கும் சாட்டைவால் சுறாக்களைப் பிடிப்பதையும், படகில் வைத்திருப்பதையும், கரைசேர்ப்பதையும், விற்பதையும் 2012 ஆம் ஆண்டின் விதிகள் தடைசெய்துள்ளன. செட்டையை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதைத் தடுக்க, செட்டைகள் உடலோடு சேர்ந்தே கரைக்கு வர வேண்டும் என்று 2001 ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. இனம் தெரியாவிட்டால் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

வீட்டுக்குக் கொண்டுபோய் வறை செய்யலாம் என்ற ஆசையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா கொடுப்பது நம் வழக்கம்; பால்சுறா சிறிய இனம். ஆனால் கைக்கு வந்த சின்னச் சுறா எல்லாம் பால்சுறா அன்று. வயிற்றுப்புறத்தில், இரு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே, சிறு பிளவாக ஆறாத தொப்புள் வடு தெரிந்தால், அது அண்மையில் பிறந்த குட்டி. பெரிதாக வளரும் இனத்தின் குட்டியாகவும் அது இருக்கலாம். அத்தகைய இனங்கள் பருவமடையவே பல ஆண்டுகள் எடுக்கும். பெரிய சுறாவோ இறைச்சியில் பாதரசத்தைச் சேர்த்து வைத்திருக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது ஏற்ற உணவன்று.

கல்கிசை, தெஹிவளைக் கரைகளில் மக்கள் குளிக்கும் இடங்களுக்கு அருகே மீன் குடலையும் இரத்தத்தையும் கொட்டாதீர்கள்.

கடி பட்டுவிட்டால் செய்யும் தவறு, காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும், கடல்நீரில் கழுவிக்கொண்டே இருப்பதும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, எடுக்காமல் இறுக அழுத்துங்கள். நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். கை அல்லது காலிலிருந்து இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்தின்மீது அல்லாமல், காயத்துக்கும் உடலுக்கும் இடையே அகலமான துணியால் இறுகக் கட்டிக் கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கூசியால் கட்டக் கூடாது; அது தசையை அறுக்கும். கரைக்குத் திரும்பும் வழியிலேயே 1990 இலக்கத்தை அழைத்து எந்தத் துறையில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டால், அம்புலன்ஸ் அங்கே வந்துசேர வாய்ப்பிருக்கும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனெனில் ஏற்பு நோய்க்கான (டெட்டனஸ்) தடுப்பூசியும் கடல்நீர்க் கிருமிகளுக்கான மருந்தும் தேவைப்படலாம்.