மண்டை ஓட்டு இம்ப்ளான்ட் அசையாம நிக்குமா? கம்ப்யூட்டர்லயே டெஸ்ட் பண்ணிப் பாக்குறது எப்படி

அடிபட்டதுக்கோ மூளை வீக்கத்துக்கோ ஆபரேஷன் பண்ணி மண்டை ஓட்டுல ஒரு துண்ட எடுத்தா, பிற்பாடு அந்த ஓட்டைய பீக்ங்கிற பிளாஸ்டிக்லயோ டைட்டானியத்துலயோ செஞ்ச இம்ப்ளான்ட் வச்சு மூடுவாங்க. அத எலும்போட பிடிச்சு வைக்கிறது குட்டி டைட்டானியம் பிளேட்டும், பெரும்பாலும் 1.5 மிமீ தடிமன் உள்ள ஸ்க்ரூவும்தான். இம்ப்ளான்ட் உடையுமான்னு பாக்குறதுக்கு முன்னாடி இந்தப் பிடிமானம் தாங்குமான்னு பாக்கணும், பேஷண்டோட தலை சம்பந்தப்பட்டது இது.

ஸ்டெப் 1: மாடல். 1 மிமீ இல்ல அதுக்கும் மெல்லிசான ஸ்லைஸ் உள்ள சிடி ஸ்கேன 3டி ஸ்லைசர்ங்கிற சாஃப்ட்வேர்ல திறந்து, த்ரெஷோல்ட (எலும்புன்னு எடுத்துக்குற குறைஞ்சபட்ச அளவ) 300 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடில அடர்த்திய சொல்ற அலகு) பக்கம் வச்சு எலும்ப மட்டும் பிரிங்க. ஓட்டை ஒரு பக்கம் மட்டும்னா நல்லா இருக்குற பக்கத்த மிர்ரர் பண்ணி இம்ப்ளான்ட் வடிவம் எடுத்துக்கலாம். சுத்தி அரை மிமீ இடைவெளி விடுங்க. பிளேட்ட ஃப்ரீகேட்ங்கிற 3டி வரையுற சாஃப்ட்வேர்ல வரையலாம், ஸ்க்ரூவுக்கு மரை வேணாம், வெறும் உருளை போதும்.

ஸ்டெப் 2: மெட்டீரியல். விசை போட்டா என்ன ஆகும்னு கணக்கு போடுற ஃபெபயோ ஸ்டுடியோங்கிற சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் மிமீ, நியூட்டன், மெகாபாஸ்கல்லயே போடுங்க. யங்ஸ் மாடுலஸ் (பொருள் எவ்வளவு விறைப்புங்கிற அளவு) தோராயமா எலும்புக்கு 15,000, பீக்குக்கு 4,000, டைட்டானியம் அலாய்க்கு 1,10,000.

ஸ்டெப் 3: கான்டாக்ட், அதாவது பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு தொடுற விதம். ரிசல்ட்டையே புரட்டிப் போடுற இடம் இதுதான், அவசரப்படாதீங்க. ஸ்க்ரூவையும் எலும்பையும் டை பண்ணலாம், அதாவது ஒட்டின மாதிரி சேத்துடலாம். ஆனா இம்ப்ளான்ட் ஓரத்த எலும்போட டை பண்ணவே கூடாது, பண்ணீங்கன்னா லோடு மொத்தமும் ஓரம் வழியா எலும்புக்குப் போயிடும், பிளேட்டுல ஸ்ட்ரெஸ்ஸே (உள்ள உண்டாகுற அழுத்தமே) இல்லாத மாதிரி அழகா ஒரு படம் வரும், ஆனா நிஜத்துல சாதாரண பீக்கோட எலும்பு ஒட்டி வளராது. அதனால அங்க உராய்வோட ஸ்லைடிங் (வழுக்கி நகர விடுற) கான்டாக்ட் குடுங்க.

ஸ்டெப் 4: லோடு. இம்ப்ளான்ட்டுக்குத் தூரமா, மண்டையோட அடிப்பகுதிய ஃபிக்ஸ் பண்ணுங்க. வெளியிலேர்ந்து 50 நியூட்டன், கிட்டத்தட்ட 5 கிலோ எடை, ஒரே புள்ளியில போடாம சின்ன வட்டத்துல பரப்பிப் போடுங்க. உள்ள மூளை அழுத்தம் 15 மிமீ பாதரசம், அதாவது 0.002 மெகாபாஸ்கல். 60 சதுர செமீ இம்ப்ளான்ட்டுல இது 12 நியூட்டன் வெளிய தள்ளும், லோட கொஞ்சம் குறைச்சுக் காட்டும். அதனால இந்த அழுத்தம் இல்லாமலும் ஒரு தடவ ரன் பண்ணிடுங்க.

ஸ்டெப் 5: ரிசல்ட். அழுத்தம் இல்லாத ரன்ல ரியாக்‌ஷன் ஃபோர்ஸ் (ஃபிக்ஸ் பண்ண இடம் திருப்பித் தள்ளுற விசை) கூட்டினா 50 நியூட்டன் வருதான்னு முதல்ல பாருங்க, வரலைன்னா கலர் படத்த நம்பாதீங்க. அப்புறம் இடைவெளி மேல பாலம் மாதிரி போற பிளேட் பகுதியில வான் மிசஸ் ஸ்ட்ரெஸ் (எல்லாப் பக்க ஸ்ட்ரெஸ்ஸையும் சேத்து ஒரே நம்பரா சொல்றது), ஸ்க்ரூவ சுத்தி எலும்போட ஸ்ட்ரெய்ன் (எவ்வளவு நீளுது, சுருங்குதுங்கிற விகிதம்), ரெண்டையும் பாருங்க. ஸ்ட்ரெய்ன் 0.003 தாண்டுற இடத்த குறிச்சு வைங்க, நாளாக நாளாக ஸ்க்ரூ தளர வாய்ப்பு உள்ள இடம் அது. மெஷ்ஷ (கணக்குக்காக மாடல பிரிச்ச குட்டித் துண்டுகள) இன்னும் சின்னதாக்கி ரன் பண்ணும்போது அந்த நம்பர் ஏறிக்கிட்டே போச்சுன்னா அது கூர்மையான மூலையால வர்ற பொய் நம்பர்.

இது நிலைச்சதும் பிளேட்ட 3, 4, 5ன்னு கூட்டி, இடத்தையும் மாத்திப் பாருங்க, லோடும் மெஷ் சைஸும் மட்டும் மாறக் கூடாது.