சைக்கிளில் வேலைக்குப் போக: வேலூர்க்காரர்களுக்கு ஒரு தொடக்கக் கையேடு

காட்பாடியிலிருந்தோ சத்துவாச்சாரியிலிருந்தோ வேலூர் டவுனுக்கு வேலைக்குப் போகிறீர்களா? ஏழெட்டு கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிளே போதும். அலட்டிக்கொள்ளாமல் மிதித்தாலும் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். சுற்றிலும் மலை தெரிந்தாலும் நாம் போகிற பாதை பெரும்பாலும் சமம்தான், மேம்பாலங்களில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

1. சைக்கிள்

வீட்டில் பழைய சைக்கிள் தூசி படிந்து கிடந்தால் அதுவே போதும். கடையில் கொடுத்து ஓவராயில் பண்ணி, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் கேபிளும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதானால், தடித்த டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் வைத்த வண்டியைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் கேரியர் இருக்காது, மட்கார்டு இருக்காது, மிதிக்கவும் கனம். கேரியர் கேட்டால், “எதுக்கு சார், லுக்கே போயிடும்” என்பார். போகட்டும், மாட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், கியருக்குக் கொடுக்கிற காசை கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு என்று செலவழிப்பது மேல்.

2. சீட் உயரம்

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலி வரும்.

3. பையை முதுகில் மாட்டாதீர்கள்

நம் ஊர் கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். முதுகில் பை இருந்தால் சட்டை தொப்பலாக நனைந்துவிடும். பையைக் கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டுங்கள், கயிற்றின் நுனி சக்கரத்தில் தொங்கக் கூடாது. ஆபீஸ் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, பழைய பருத்தி டீ-ஷர்ட்டில் மிதியுங்கள். போனதும் பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே ஆறி, துண்டால் துடைத்துக்கொண்டு மாற்றினால் போதும். தண்ணீர் பாட்டில் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு பிளாஸ்டிக் உறை ஒன்று பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

4. பஞ்சர்

இதைத்தான் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சாலை ஓரம் முழுக்க சீமைக்கருவேலம், காலி மனைகளில் நெருஞ்சி. ஓரமாக ஒதுங்கினாலே முள் ஏறும். மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், சின்ன கைப்பம்பு, ஸ்பானர் ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள். டியூபை மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். முள் நுனி இருந்தால் துணி மாட்டி நிற்கும். வெளியில் ஒடிந்துபோன முள், ரப்பருக்குள் ஊசிமுனையாக ஒளிந்திருக்கும். அதைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் அதுவும் அடுத்த தெருவிலேயே போய்விடும்.

காலையில் டயர் தட்டையாகக் கிடந்தால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண சைக்கிள் வால்வுக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இருக்கும், வால்வ் டியூப் என்பார்கள். வெயிலில் அது உளுத்துப்போகும். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் குற்றவாளி அதுதான். மாற்ற இரண்டு நிமிடம், செலவும் சொற்பம்தான். காற்று எவ்வளவு வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

5. விளக்கு, ஹெல்மெட், பூட்டு

பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மார்கழியில் ஆறரை வரை விடியாது, அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு முன் விளக்கும் வேண்டும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், பின்னுக்குத் தள்ளிப் போட்டால் போடாதது போலத்தான். பூட்டு, பின் சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து ஒரு கம்பியோடு பிணைக்கட்டும். பெல் சத்தமாக இருக்கட்டும், ஷேர் ஆட்டோக்காரர் காதில் விழுமா என்பது வேறு விஷயம்.

6. வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முறை வெள்ளோட்டம் பாருங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம், சத்துவாச்சாரிப் பக்கம் சர்வீஸ் ரோடு இருக்கிறது. காட்பாடிக்காரர்களுக்குப் பாலாற்றுப் பாலத்தைத் தவிர்க்க முடியாது. அங்கே பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாலும் கைப்பிடிச் சுவரோடு உரசிக்கொண்டு போகாதீர்கள். ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும், பிரேக் பிடித்தால் வழுக்கும். ஒரு கை நீளம் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் மிதியுங்கள். கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் தயங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.