வாசிப்பு வட்டத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே விண்ணப்பம்

சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வாசிப்பு, பக்கத்துப் புல்தரையில் காய்கறிப் பாத்தி. இரண்டுக்கும் சேர்த்து நிதி கேட்கலாம். ஆனால் முதலில் இடம், பிறகுதான் பணம். வசிப்போர் குழுவிடம் பேசுங்கள். புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்துக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் கம்யூனிட்டி இன் புளூம் திட்டம் 2005 முதல் வழிகாட்டுகிறது. அதன் அதிகாரி நேரில் வந்து வெயிலையும் தண்ணீர்க் குழாய் இருக்கும் தூரத்தையும் பார்த்த பிறகு வரைபடம் போட்டால் திருத்தும் வேலை குறையும்.

எந்த நிதி? 2020ல் 50 மில்லியன் வெள்ளியுடன் (சிங்கப்பூர் டாலர்) தொடங்கிய எஸ்ஜி எக்கோ நிதி சுற்றுச்சூழலுக்கானது. வெறும் வாசிப்பு வகுப்பு அதில் எடுபடாது. குடியிருப்பாளர்களே முன்னெடுக்கும் சமூக முயற்சிக்கு முன்பு நமது சிங்கப்பூர் நிதி இருந்தது; இப்போது அதன் இடத்தில் வந்துள்ள எஸ்ஜி பார்ட்னர்ஷிப்ஸ் நிதியைப் பாருங்கள். ஒரே செலவை இரண்டு இடத்தில் கேட்காதீர்கள்.

இரண்டு திட்டங்களை ஒட்டவைத்த மாதிரி தெரிந்தால் "ஏன் சேர்த்தீர்கள்?" என்ற கேள்வி வரும். பிள்ளைகள் செடிப் பெயர்ப்பலகை எழுதட்டும்; வாரக் குறிப்பேட்டைத் தமிழில் வைக்கட்டும். கங்கோங் கீரையை விதைத்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் அறுக்கலாம், ஆகவே முதல் மாதத்திலேயே எழுத விஷயம் கிடைக்கும். முருங்கைக்கு ஆசைப்பட வேண்டாம். மரமாக வளர்ந்து புகாராக முடியும். "பலர் பயன்பெறுவர்" என்று எழுதுவதைவிட "வாரம் ஓர் அமர்வு, 90 நிமிடம், 12 பிள்ளைகள், 4 தொண்டூழியர்கள்" என்று எழுதுவது மேல்.

பெரும்பாலும் சறுக்குவது வரவுசெலவில்தான், அதிலும் மண் கணக்கில். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 25 செ.மீ. ஆழமுள்ள ஒரு பாத்திக்கு 900 லிட்டர் மண் வேண்டும். 25 லிட்டர் மூட்டையில் 36. மழையில் மண் அமுங்கும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 44. (அகலத்தை 1.2 மீட்டருக்கு மேல் கொண்டுபோனால் பிள்ளைகளின் கை நடுவுக்கு எட்டாது.) விலைப்புள்ளியில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்: வரி சேராத 2,000 வெள்ளி, பில்லில் 2,180 ஆகிவிடும். மண்ணைக் கொண்டுவந்து இறக்கும் கூலியைத் தனிச் செலவாக எழுதுங்கள். கதைப்புத்தகங்களை நூலகத்தில் இரவல் வாங்கலாம். அந்தத் தொகையைப் பலகைக்கும் எழுதுபொருளுக்கும் ஒதுக்குங்கள்.

நிதி முழுச் செலவையும் ஏற்கும் என்றோ, எல்லாம் முன்பணமாக வரும் என்றோ கணக்குப் போடாதீர்கள். மீதியை யார் தருவார், ரசீதுகளை யார் வைத்திருப்பார் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். ஒப்புதல் கடிதத்துக்கு முன் வாங்கிய பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

ஜூன் மாத நான்கு வார விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார், தண்ணீர் தேங்கும் தட்டுகளில் கொசு முட்டையிடாமல் பார்ப்பது யார் என்ற பட்டியலையும் இணையுங்கள். வருகைப் பதிவில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள், பெயர் போதும். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலை முதல் நாளே வாங்கிவிடுங்கள், இறுதி அறிக்கை எழுதும்போது தேடினால் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள்.