கதை வாசிக்கும் நேரத்தில் பாடம் நடத்தாதீர்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் தொடங்கியது. அதன் கதைப் புத்தகங்களுக்கு, எளிதிலிருந்து கடினம் வரை, நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகள். அந்தப் பிரிப்பு பிள்ளைகள் தாமாகவே படிப்பதற்கானது. ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டும்போதும் அதையே பிடித்துக்கொண்டு, ‘என் வகுப்புக்கு நுழை போதும்’ என்று நின்றுவிடுவது பெரிய தவறு. எழுத்துக் கூட்டவே திணறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை, வீட்டில் பாட்டி சொல்லும் நீண்ட கதையை ‘அப்புறம்?’ என்று விடாமல் கேட்கும். காதுக்கு எட்டுவது கண்ணுக்கு எட்ட இன்னும் நாளாகும். ‘ஓடு’ புத்தகத்தைத் தைரியமாக எடுங்கள். ஆனால் முந்தின நாளே ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த தவறு, புத்தகத்தைத் தன் பக்கமே பிடித்துக்கொள்வது. ‘பூனையைக் காணவே காணோம்’ என்று வரி இருக்கும். படத்தில் கட்டிலுக்கு அடியில் வால் நுனி தெரியும். வரியைக் கேட்கும்போதே படத்தையும் பார்த்தால்தான் ‘டீச்சர், அதோ!’ என்று வகுப்பே கத்தும். படித்து முடித்துவிட்டுத் திருப்பிக் காட்டினால் அது நடக்காது. தோளுக்குப் பக்கத்தில் படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடித்து, ஓரக்கண்ணால் வாசிக்கப் பழக வேண்டும். கொஞ்சம் கழுத்து வலிக்கும், என்ன செய்வது! முப்பது, நாற்பது பேர் என்றால் சின்னப் புத்தகம் எடுபடாது. இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். ஸ்மார்ட் போர்டு இருந்தால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரிக்கு வரி நிறுத்தி அருஞ்சொற்பொருள் சொல்வதும் வேண்டாம். கதைப்போக்கில் பாதிச் சொற்கள் தாமே புரியும். முடிந்ததும் ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்பது அதைவிட மோசம். அடுத்த முறை புத்தகத்தை எடுத்ததுமே பிள்ளைகள் கைகட்டிக்கொண்டு பதில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ‘அந்தப் பூனை ஏன் ஒளிஞ்சுது?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு காரணம் வரும்.

‘நேத்துப் படிச்சதுதானே’ என்று மறுவாசிப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். இரண்டாம் முறைதான் அவர்கள் கூடவே சொல்லத் தொடங்குவார்கள்.

வாசித்த புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டாமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளை அதை எடுத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே காதில் கேட்டதைக் கதையாகச் சொல்லும். ‘எழுத்தைப் பார்த்துப் படி’ என்று அப்போது குறுக்கிடாதீர்கள்.