லூப் ஆன்டெனாவுக்கு 1.5 கணக்கு

வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றி ஒரே சுற்றாக ஒயர் கட்டி ரேடியோவுக்கு லூப் ஆன்டெனா போடுகிறீர்களா? ஒயரின் மொத்த நீளத்தை மீட்டரில் அளந்து 1.5-ஆல் பெருக்குங்கள். ட்யூன் செய்யத் தேவையான இண்டக்டன்ஸ் (ஒயரின் மின்தூண்டல் அளவு) மைக்ரோஹென்றியில் வந்துவிடும்.

20 மீட்டர் ஒயர் என்றால் சுமார் 30. 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு, 2 மில்லிமீட்டர் ஒயரில், முழுச் சூத்திரம் போட்டாலும் 31தான் வருகிறது. 1.8 மெகாஹெர்ட்ஸில் ட்யூன் செய்ய ஏறக்குறைய 250 பிகோஃபாரட் கண்டென்சர் போதும். பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருகும் கேங் கண்டென்சரே சரியாக இருக்கும்.

காரணம், சூத்திரத்தில் நீளம் நேராகப் பெருகுகிறது. ஒயரின் தடிமனோ லாகரிதத்துக்குள் இருக்கிறது. தடிமனை இரட்டிப்பாக்கினாலும் ஒன்பது சதவீதம்தான் குறையும். நம் செட்டிநாட்டு வளவுகள் எல்லாம் சதுரமாகவா இருக்கின்றன? கவலை வேண்டாம், 8-க்கு 2 மீட்டர் என நீண்டிருந்தாலும் 29 வரும்.

தடித்த செம்புக் குழாயில் செய்யும் சிறிய டிரான்ஸ்மிட்டிங் லூப்புக்கு இது ஆகாது. 1 மீட்டர் விட்டம், 22 மில்லிமீட்டர் குழாய் என்றால் மீட்டருக்கு 0.8-தான். ஒயர் நீளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினாலும் கணக்கு தவறும். 7 மெகாஹெர்ட்ஸில் அந்த எல்லை வெறும் 5 மீட்டர். அப்புறம், வளவுக்கு மேலே திருட்டுக்குப் பயந்து இரும்புக் கம்பி அழி போட்டிருக்கிறதா? ஒயர் அதற்கு ஒட்டினாற்போல் ஓடினால் இண்டக்டன்ஸ் குறைந்துவிடும். அங்கே அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி.