கராத்தேயும் சிலம்பமும் சேர்த்துப் பழகலாமா? மலையகத்தில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

கராத்தே வகுப்புக்குப் போகிற பிள்ளை, கோயில் திருவிழாவில் கம்பு சுற்றுவதைப் பார்த்ததும் "அதையும் பழகட்டுமா?" என்று கேட்கும். பழகலாம். ஆனால் எந்த இரண்டு, எது முதலில் என்பதைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

படி 1: ஒன்றை முதலில் ஊன்றுங்கள்

இரண்டு வகுப்பிலும் ஒரே வாரத்தில் பெயர் கொடுக்காதீர்கள். கராத்தே என்றால் முதல் பெல்ட் பரீட்சை முடியட்டும். சிலம்பம் என்றால் வணக்கம் வைத்துத் தொடங்குகிற சலாம் வரிசையும் அடிப்படைக் காலடிகளும் யோசிக்காமலே வரட்டும். எதை முதலில் எடுப்பது? வீட்டுக்குக் கிட்ட இருப்பதை. மாஸ்டர் கண்டியில், நீங்கள் மஸ்கெலியாவில் என்றால் அது நீடிக்காது.

படி 2: ஒன்றுக்கொன்று மோதாத ஜோடியாகப் பாருங்கள்

ஒன்றுபோலத் தெரிகிற கலைகள்தான் ஆரம்பத்தில் அதிகம் குழப்பும். ஷோட்டோக்கான் கராத்தேயில் முன்கால் நிலை நீளமாகவும் தாழ்வாகவும் இருக்கும், உடல் பாரத்தில் பாதிக்கு மேல் முன்காலில் விழும். டேக்வாண்டோ சண்டையில் நிலை உயரம், குறுகல், கால் எந்நேரமும் துள்ளத் தயாராக இருக்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஆடுகிற டேக்வாண்டோ விதிப்படி முகத்தில் குத்தக் கூடாது. அதனால் கை தாழ்ந்தே பழகிவிடும். குத்துச்சண்டையிலும் இதே சிக்கல்தான். கராத்தே அடிப்படைப் பயிற்சியில் குத்தாத கையை இடுப்புக்கு இழுக்கச் சொல்வார்கள்; குத்துச்சண்டையில் அது தாடையை விட்டு இறங்கினால் ஏச்சு விழும். ஒரே கைக்கு இரண்டு கட்டளை வந்தால் புதிதாகப் பழகுகிறவர் என்னதான் செய்வார்?

சிலம்பம் அப்படியில்லை. கையில் கம்பு வந்ததுமே இது வேறு வேலை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். எதிரியோடு இருக்கிற தூரமும் வேறு. கம்பை நிமிர்த்தி வைத்தால் நெற்றி அளவுக்கு வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். கராத்தேயோடு சேர்க்க எனக்குப் பிடித்த ஜோடி இதுதான்.

ஜூடோவும் நல்ல ஜோடி. பிடிப்பது, எறிவது, தரையில் அமுக்குவது எல்லாம் கராத்தேயில் குறைவாக வருகிற விஷயங்கள். தவிர, அடிபடாமல் விழுவதுதான் அங்கே முதல் பாடம். பாசி படிந்த லயத்துப் படிகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது எப்படியும் உதவும். ஆனால் மெத்தை விரித்த இடம் கட்டாயம் வேண்டும். சீமெந்துத் தரையில் எறிந்து பழகலாம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சிங்கள மரபுக் கலையான அங்கம்பொரவில் வெறுங்கைச் சண்டைக்கு அங்கம் என்றும், ஆயுதப் பயிற்சிக்கு இலங்கம் என்றும் இரண்டு பக்கம் உண்டு. அதை எடுக்கிறவர்கள் கொஞ்ச காலம் அதோடு நிற்கலாம், வேலை அதற்குள்ளேயே நிறைய இருக்கிறது.

படி 3: இரண்டு மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள்

"மாஸ்டர், நான் சிலம்பமும் பழகப் போறேன். உங்களுக்குச் சரிதானே?" இவ்வளவு போதும். மறைத்துப் பழகினால் கால் நிலையே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: பஸ்ஸைப் பார்த்து வாரத்தைப் பிரியுங்கள்

செவ்வாயும் சனியும் கராத்தே, வியாழன் சிலம்பம் என்று தொடங்கலாம். இரண்டாவது கலைக்கு முதலில் வாரம் ஒரு நாள் போதும். சண்டைப் பயிற்சி இருந்த நாளுக்கு மறுநாள் கடுமையாக எதுவும் வேண்டாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் ஓட வேண்டிய வகுப்பைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள், கடைசியில் உடம்பைத் தளர்த்துகிற பயிற்சிதான் எப்போதும் தவறிப்போகும்.

படி 5: குளிரையும் இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள்

நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். காலைக் குளிரில் நேரே உயர உதைத்தால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரமாவது மெதுவாக ஓடி, மூட்டுகளைச் சுழற்றி, வியர்வை எட்டிப்பார்த்த பிறகு உதையுங்கள்.

மேட்டில் ஏறி வளர்ந்த கால்களுக்கு மூச்சும் பலமும் ஏற்கெனவே இருக்கும். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது, தாழ்ந்த நிலையில் நிற்கிறபோதும் வேலை அதற்குத்தான். எனவே வகுப்பு முடிந்து தோட்டத்துக்கு நெடுந்தூரம் இறங்கி நடக்கிறவர்கள் அன்றைக்குத் தவளைப் பாய்ச்சலைக் குறைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி மறுநாள் படியிறங்கும்போதும் இருந்தால் ஒரு கலையை நிறுத்தி வையுங்கள். தலையில் அடிபட்டுக் கிறுகிறுப்பு வந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை இரண்டுமே வேண்டாம்.

படி 6: வகுப்புக்குள் கலக்காதீர்கள்

கராத்தே மாஸ்டர் முன்னால் கராத்தே, சிலம்ப ஆசான் முன்னால் சிலம்பம். கலந்து பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும், அதை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒன்றை முடித்து, சற்று நின்று, அப்புறம் மற்றதைத் தொடங்குங்கள்.

படி 7: பரீட்சைகளைத் தள்ளி வையுங்கள்

இரண்டு கலை என்றால் மாதக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் இரட்டிப்பு. இரண்டு தேர்வும் ஒரே மாதத்தில் வந்தால் ஒன்றை அடுத்த முறைக்குத் தள்ளுங்கள், மாஸ்டர்மார் கோபிக்க மாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருடத்தில் இரண்டாவது கலைக்கு லீவு கொடுத்துவிட்டு, முதல் கலையை மட்டும் வாரம் ஒரு நாள் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.